அம்மி கொத்தவும் சிற்பி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பில் வீட்டு அலங்காரப் பக்கத்தில் வந்த அம்மிப் படத்தைப் பார்த்தோம். கண்ணாடி போல மெருகேற்றி, மேலே எண்ணெய் தடவி, பக்கத்தில் ஒரு செடித்தொட்டியும் வைத்து, 'அழகும் பயனும் ஒருங்கே' என்று போட்டிருந்தீர்கள். அழகைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். பயனைப் பற்றி அப்படி இல்லை. அந்தக் கல்லில் ஒரு மிளகாய்கூட அரைபடாது. அரைபடாத அம்மியை அழகு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸில் அம்மிக்கு ரோஸ் காரி என்று பெயர். இங்கே பேசும் கிரியோல் மொழியில் அதற்குக் கறிக்கல் என்று பொருள். குழவியை பாபா என்பார்கள், அதாவது குழந்தை. தமிழில் 'குழவி' என்றாலும் குழந்தைதானே. கறிவேப்பிலை காரிப்புலே ஆகி, முருங்கை முரும் ஆகி இந்தத் தீவின் பேச்சில் கலந்துவிட்டன; குழவி மட்டும் ஓசையை விட்டுவிட்டுப் பொருளை வைத்துக்கொண்டது.

"அம்மி கொத்தச் சிற்பி எதற்கு?" என்று கேட்பார்கள், சின்ன வேலைக்குப் பெரிய ஆள் வேண்டாம் என்ற அர்த்தத்தில். இதை முதலில் சொன்னவர் அம்மி கொத்திப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். சிலைக்கு மூக்கு கொஞ்சம் கோணினால் பார்க்கிறவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அம்மியில் கொத்து கோணினால் அன்றைக்குக் குழம்பில் கல் கடிக்கும்.

கல்லிலிருந்து தொடங்குகிறோம். இந்தத் தீவே எரிமலைக் குழம்பு ஆறி இறுகியதுதான். கைக்குக் கிடைப்பதெல்லாம் பசால்ட் என்னும் கருங்கல். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கோபுரம் போலக் குவித்து வைத்த கற்களை இப்போதும் பார்க்கலாம். கல்லைப் புரட்டினால் தங்கம் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்ததாகச் சொல்வார்களே, அந்த நம் முன்னோர் புரட்டி ஒதுக்கிய கற்கள். அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில் தலைநகர் போர்ட் லூயியைக் கட்டப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் கைவினைஞர்களையும் கொண்டுவந்தார்கள். இந்தக் கல்லுக்கு நம் உளி புதிதல்ல.

எல்லாப் பசால்ட்டும் அம்மிக்கு ஆகாது. குழம்பு ஆறும்போது உள்ளே இருந்த வாயு குமிழாகத் தங்கிவிட்டால் கல்லில் கண் விழும். கண் நிறைந்த கல் இலேசாக இருக்கும், கடையில் தூக்கிப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நேற்று அரைத்த பூண்டு அந்தக் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் இன்றைய தேங்காய்ச் சட்னியில் அதன் வாடை வரும். கண்ணின் விளிம்பு மெலிசானது என்பதால் உதிரவும் செய்யும். அடிப்பக்கத்தில் கடுகளவு கண் நாலைந்து இருந்தால் பரவாயில்லை. முகத்தில், அதாவது அரைக்கும் மேல்பரப்பில், கூடாது.

விரிசலைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கல்லைச் சாக்கின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டிக் கேளுங்கள். 'ணங்' என்று இழுத்து ஒலித்தால் முழுக்கல். 'டொக்' என்று அடங்கினால் உள்ளே எங்கோ விட்டிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் முகம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிழலில் காத்திருங்கள். மேல்பரப்பு காய்ந்து வெளுத்த பிறகும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஈரமாகவே நின்றால் அதுதான் விரிசல். அந்தக் கல்லை விட்டுவிடுங்கள், என்ன விலை குறைத்தாலும்.

அளவு. வீட்டுக்கு 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 8 செ.மீ. கனம் போதும். அதுவே சுமார் 23 கிலோ வரும். அதற்குக் குறைந்தால் அரைக்கும்போது அம்மியும் கூடவே நகரும். அடிமேல் அடி அடிக்கவே வேண்டாம். குழவி 36 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும், அதாவது அம்மியின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதை வெறும் வசதி என்று நினைக்கிறார்கள். குட்டைக் குழவி அம்மியின் நடுவை மட்டும் தேய்க்கும். இரண்டு வருடத்தில் நடுவில் வாய்க்கால் விழுந்து, ஓரம் இரண்டும் கரை போல நிற்கும். பிறகு எந்த நல்ல குழவி வாங்கினாலும் அது கரையில் உட்காருமே தவிர வாய்க்காலைத் தொடாது. நீளக் குழவி அகலம் முழுவதையும் ஒரே சீராகத் தேய்ப்பதால் முகம் தேய்ந்தாலும் மட்டம் கெடாது. குழவியின் நடு உடம்பு ஒரே சீராக 8 செ.மீ. பருமனில் இருந்து, அம்மிக்கு வெளியே நீட்டும் இரண்டு முனை மட்டும் மெல்ல ஒடுங்க வேண்டும். எடை நாலரை கிலோ அளவில் நிற்கும். அந்த ஒடுக்கம் பார்வைக்கும் அழகுதான்; உள்ளங்கை வழுக்கி விரல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே போகாமல் காப்பதும் அதுதான்.

இனி முகம். உங்கள் படத்திலிருந்த கல்லில் விட்டுப்போனது இதுதான்.

அம்மி அரைப்பதில்லை, அம்மியில் இருக்கும் குழிகள்தான் அரைக்கின்றன. மல்லி விதை ஒன்று குழியின் விளிம்பில் சிக்கி ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் குழவி அதன் மேல் ஏறி உடைக்க வேண்டும். வழவழப்பான கல்லில் விதை நிற்காது, குழவிக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் தண்ணீரில் ஊறி நசுங்குமே தவிர அரைபடாது. நாள்பட அரைத்து மழுங்கிய அம்மியிலும் இதே கதைதான். மழுங்கியதைக் காது முதலில் சொல்லும்: கரகரவென்று இருந்த சத்தம் வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் மிளகாய் விதை முழுசு முழுசாக விழுதில் தெரியும். நாள்தோறும் அரைக்கும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கொத்த வேண்டியிருக்கும்.

குழியின் ஆழம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். குழிக்குக் குழி 5 மில்லிமீட்டர், ஒரு மிளகு உட்காரும் இடம். ஓரத்தில் நாலு பக்கமும் இரண்டு விரல் அகலம் கொத்தாமல் விட்டுவிட வேண்டும். கொத்தினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும், விழுதை வழித்தெடுக்கவும் கஷ்டம். இப்படி ஓரம் விட்டுக் கணக்குப் பார்த்தால் ஒரு வீட்டு அம்மிக்குச் சுமார் 3,000 குழி. குழிக்கு இரண்டு தட்டு என்றாலும் 6,000 தட்டு. ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழ வேண்டும்.

இந்த 3,000 குழியையும் எப்படி அடுக்குவது என்பதைக் கோலம் போடத் தெரிந்த யாரையும் கேளுங்கள். நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று இரண்டு உண்டல்லவா? நேர்ப்புள்ளியில் கொத்தினால் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே நேராக ஒரு சந்து கிடைக்கும். சீரகம் அந்தச் சந்து வழியே அடிபடாமல் மறுகோடிக்குப் போய்ச் சேரும். இடைப்புள்ளியில், ஒரு வரிசையின் குழி அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக விழும்படி கொத்தினால், தப்பிய சீரகம் அடுத்த குழியில் மாட்டும். பார்க்க எது அழகு என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் இடைப்புள்ளியைத்தான் காட்டுவார்கள். கண்ணுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

கொத்துவதற்குக் கூரான உளியும் அரைக்கிலோ சுத்தியலும் போதும். உளியை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு இலேசாகத் தூக்கித் திருப்பிக்கொண்டே போக வேண்டும். திருப்பாவிட்டால் முனை ஒரு பக்கமாக மழுங்கும். பசால்ட் உளியைச் சீக்கிரம் தின்னும். சாதா எஃகு உளி என்றால் நடுவில் பலமுறை தீட்ட வேண்டும், டங்ஸ்டன் கார்பைடு முனை என்றால் தாங்கும். மழுங்கிய உளியால் அடித்தால் குழி விழாது, வெள்ளையாக ஒரு தழும்பு விழும். தழும்பு என்பது பெயராமல் நொறுங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கல்மாவு. கழுவும்போது போகாது, அரைக்கும்போது போகும், அதாவது குழம்புக்குள். கல் கடிக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வெள்ளைத் தழும்பிலிருந்து வருபவை. கறுப்புக் கல்லில் கறுப்புக் குழி விழ வேண்டும், அதுதான் அளவுகோல்.

கண்ணாடி அணியாமல் கொத்தாதீர்கள். தூசி எழும்பாமல் கல்லை நனைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அம்மியின் கிரானைட்டில் படிகக் கல் நிறைய உண்டு, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பசால்ட்டில் அது மிகக் குறைவு. அதற்காக மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கொத்தலாம் என்று அர்த்தமில்லை.

கொத்துவதற்கு முன்னால் மேடு பள்ளம் பார்க்க வேண்டும். இதற்கு இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கெட்டியாகக் குழைத்துக் குழவி முழுக்க மெலிசாகத் தடவுங்கள். காய்ந்த அம்மியின் மேல், அழுத்தாமல், ஒரே ஒருமுறை உருட்டுங்கள். குழவியைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் கறுப்புக் கல்லில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தெரியும். மஞ்சள் ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். ஒட்டிய இடத்தில் மட்டும் நெருக்கிக் கொத்தி இறக்கி, கழுவிக் காயவைத்து, மறுபடி உருட்ட வேண்டும். மூன்றாவது நான்காவது முறையில் திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கும். அகலவாக்கில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மஞ்சள் பட்டையாக வந்தால் அம்மி தயார். நீளவாக்கில் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பள்ளம் இருப்பது நல்லதுதான், விழுது ஓடாமல் நிற்கும். அகலவாக்கில் அரை மில்லிமீட்டர் பள்ளம்கூட ஆகாது. குழவி நேர்கோடு, பள்ளத்துக்குள் வளைந்து இறங்காது.

கொத்தி முடித்த முகத்தைச் சாய்ந்த வெயிலில் வைத்துப் பாருங்கள். மாலை நாலரை, ஐந்து மணி வெயில் சரியாக இருக்கும். இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஒவ்வொரு குழியிலும் பிறை போல ஒரு சின்ன நிழல் விழும். எல்லாப் பிறையும் ஒரே அளவில் இருந்தால் வேலை சுத்தம். நடுவே ஒன்று முழுநிலாவாகக் கறுத்திருந்தால் அது ஆழக் குழி. அங்கே மிளகாய்த் தோல் தங்கிப் பூசணம் பிடிக்கும். வெயில் உச்சியில் நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லா அம்மியும் நல்ல அம்மிதான். அழகு என்று நாங்கள் சொல்வது இந்த நிழல் வரிசையைத்தான். உங்கள் படத்துக் கல்லில் எந்தப் பக்கம் வெளிச்சம் அடித்தாலும் ஒரே பளபளப்பு.

புதிதாகக் கொத்திய அம்மியில் உடனே சமையலுக்கு அரைக்கக் கூடாது. கெட்டித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஊறிய பச்சரிசி ஒரு கைப்பிடி போட்டு முகம் முழுக்கப் படும்படி அரைத்து, வழித்துக் கொட்டிவிடுங்கள். முதல் மாவு சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளை மாவு வரும்வரை திரும்ப அரைக்க வேண்டும், மூன்று முதல் ஐந்து முறை ஆகும். அதன் பிறகு கல்லுப்பு போட்டு ஒருமுறை. சோப்பு கூடவே கூடாது. குழிக்குள் போன சோப்பு வாசனை வெளியே வருவதற்கு ஒரு மாதம் ஆகும், ரசத்தில் முதலில் தெரியும்.

அம்மியைச் சமையல் மேடையில் போட்டால் அடியில் மடித்த சாக்கு அல்லது ரப்பர் விரிப்பு வேண்டும். எதிர்முனை ஒரு விரல் தாழ்ந்திருக்கட்டும். மேடை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் தோள்பட்டை நோகாது, உடம்பின் பாரம் தானே குழவியில் இறங்கும். அரைக்கும் வரிசையைப் பற்றி நீட்டவில்லை. காய்ந்தது முன்னால், ஈரமானது பின்னால், மிளகாயோடு ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீர் விரல் நுனியால் தெளிக்கும் அளவு. தண்ணீர் கூடினால் கொத்திய அம்மியும் மெருகேற்றிய அம்மி போலத்தான் வழுக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் அலங்காரமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், இடம் பார்த்து. அம்மிக்கு முகம் ஒன்று, பக்கம் நாலு. பக்கத்தில் கொடி செதுக்குங்கள், பெயர் வெட்டுங்கள், வருடம் போடுங்கள். முகத்தின் விளிம்பை அரை சென்டிமீட்டர் உருட்டிவிடுங்கள். கையும் கிழியாது, சில்லும் பெயராது, பார்க்கவும் லட்சணம். இரண்டு பக்கமும் நாலு விரல் நுழையும்படி ஒரு குழி எடுத்து அதைத் தாமரை இதழாக்கினால், 23 கிலோவைத் தூக்கும்போது அந்த இதழின் அருமை தெரியும். குழவியின் இரு முனைகளை எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றலாம், கை படும் இடம். நடு உடம்பை மட்டும் தொடாதீர்கள்.

பசாரில் கறுப்பாகப் பளபளக்கும் அம்மிகளில் சிலவற்றுக்குச் சாயமோ வார்னிஷோ பூசியிருக்கிறார்கள். வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, பிறகு எலுமிச்சை மூடியால் ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தாலோ, தேய்த்த இடம் வெளுத்தாலோ அது செடித்தொட்டிக்குத்தான் லாயக்கு. வட்ட ரம்பத்தால் அறுத்த கல்லில் முகம் முழுக்க நேர்க்கோடாகக் கீறல் இருக்கும். அதையே கொத்து என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. கோடு குழியாகாது. நேர்ப்புள்ளிக்குச் சொன்ன சந்துக் கதைதான் அங்கேயும்.

அம்மிக்கு வெளியே ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அதே பக்கத்தில் தாங்கள் தாந்த் பசார் என்னும் சந்தைக் கூடையையும் போட்டிருந்தீர்கள். 2016இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு சந்தைக்கு இந்தக் கூடையைத் தூக்கிப் போவது நல்ல விஷயம். முன்பு இதை வாக்வா என்னும் தாழையின் ஓலையில் பின்னினார்கள். வாக்வா ஊருக்கே அந்தத் தாழையின் பெயர்தான். சர்க்கரை ஏற்றுமதிக்கு அதே ஓலையில்தான் பை முடைந்தார்கள். ஓலையின் இரு விளிம்பிலும் நடு நரம்பிலும் முள் இருக்கும். மூன்றையும் சீவி எறிந்துவிட்டு, மீதியை ஒரே அகலத்தில் கிழித்துக் காயவைக்க வேண்டும். அகலம் ஒன்றுக்கொன்று மாறினால் பின்னலில் இடைவெளி விழும், முதலில் அங்கேதான் கிழியும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் நாடாதான். நாடாவானாலும் ஓலையானாலும் பார்க்க வேண்டியது ஒன்று: கைப்பிடி எங்கே தொடங்குகிறது? நல்ல கூடையில் கைப்பிடியின் சிவப்பு நாடா பக்கவாட்டில் இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறி மறு கைப்பிடியாகும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தச் சிவப்புக் கோடுதான் ஐந்து கிலோ உருளைக்கிழங்கைத் தாங்குவது. படத்தில் இருந்த கூடையில் கோடு அழகாகத்தான் இருந்தது, ஆனால் அடிவரை போகவில்லை. கைப்பிடி வாய் விளிம்பில் தைத்து நின்றது. இரண்டு சந்தைக்கு மேல் வராது.

தங்களிடம் கேட்டுக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை சமையல் சாமான் படம் போடும்போது அம்மியின் முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம், கூடையின் அடியை ஒரு படம் சேர்த்துப் போடுங்கள். வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தமிழ் வகுப்பு நடத்தும் கோயில்களும் சங்கங்களும் பிள்ளைகளுக்குக் கோலம் சொல்லித் தருகின்றன. அந்த இடைப்புள்ளியை ஒருநாள் உடைந்த கல்லில் உளியால் போடச் சொல்லலாம். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், கண்ணாடியோடு.

திருமணத்துக்குக் கல் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மி மிதிக்கும் சடங்குக்கு இப்போது மெருகேற்றிய சின்னக் கல்லை வாடகைக்கு எடுத்து வருகிறார்கள், படத்தில் நன்றாக விழும் என்று. மஞ்சள் தண்ணீரில் நனைந்த கால் அதில் நிற்காது. பெண் பட்டுப்புடவையோடு ஒற்றைக் காலில் நிற்கிறாள், மாப்பிள்ளை குனிந்து மெட்டி போடுகிறார், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டு அம்மி பாரமாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வாருங்கள். கொத்திய முகம் மேலே இருக்கட்டும், அடியில் சாக்கு போட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கல் வேலை செய்யும் ஒருவரும், அவர் சொன்னதை எழுதிய தமிழாசிரியர் ஒருவரும்
ரோஸ் ஹில், மொரீஷியஸ்